விசுவாசம், நம்பிக்கை, சபை: தமிழ்க் கிறித்தவப் பிரசங்க வரலாற்றில் மூன்று சொற்கள்

தமிழ் உரைநடையின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கிறித்தவத் தொண்டர்களின் பணியை மறந்தாரல்லர். தரங்கம்பாடி அச்சகத்தையும், வீரமாமுனிவரின் சதுரகராதியையும், பரமார்த்த குருவின் கதையையும் கூறாத நூல் இல்லை எனலாம். ஆயின் அத்தொண்டர்கள் தம் வாழ்நாளில் மிகுதியான நேரத்தை எதற்குச் செலவிட்டனரோ அப்பிரசங்கம் மட்டும் அவ்வரலாறுகளில் ஓரிரு வரிகளுக்கு மேல் இடம் பெறவில்லை. அது சமயத்துறைக்கு உரியது, இலக்கியத்துக்கு உரியதன்று என்று கருதினர் போலும். கோயில்தோறும் ஞாயிறுதோறும் கற்றோரும் கல்லாதோரும் ஒருங்கிருந்து கேட்ட உரைநடையைத் தமிழ்த்துறையினர் பிறருக்கு விட்டுவிடுதல் பொருந்துமா என்பதே எம் முதல் ஐயம்.

பிரசங்கத்தின் கொள்கையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதில் மீண்டும் மீண்டும் பயின்ற மூன்று சொற்களின் போக்கை மட்டும் தொடர்ந்து நோக்குவோம். விசுவாசம், நம்பிக்கை, சபை என்பன அவை. முன்னைய இரண்டும் ஒருவன் உள்ளத்தில் நிகழ்வதைக் குறிப்பன. மூன்றாவது பலர் கூடியிருப்பதைக் குறிப்பது. உள்ளத்து நிகழ்ச்சியைக் கூறும் சொல், கூட்டத்தில் ஒருவனுக்குள்ள இடத்தைக் கூறும் சொல்லாக மாறியது எங்ஙனம் என்பதே வினா.

சொல்லின் பழமையிலிருந்து தொடங்குதல் தகும். 'நம்பு' என்பதற்குத் தொல்காப்பிய உரியியல் தரும் பொருள் நசை, அஃதாவது விருப்பம். ஒன்றை விரும்பிச் சார்தல் என்னும் கருத்திலிருந்து அதனையே பற்றுக்கோடாகக் கொள்ளுதல் என்னும் பிற்காலப் பொருள் கிளைத்திருத்தல் இயல்பே. ஒருவனை ஆராய்ந்து ஏற்றுக்கொள்ளுதலைக் குறிக்க வள்ளுவர் ஆண்ட சொல் வேறு. தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்து, தேறுதல், தெளிதல் என்னும் சொற்களாலேயே அப்பொருளை அவர் நடத்துகிறார். அங்கே ஆராய்ச்சி முன்னும் தெளிவு பின்னும் நிற்கும். கிறித்தவப் பிரசங்கியாருக்கு வேண்டியது இம்முறையன்று. காணாததனைப் பற்றிக்கொள்ளும் துணிவே அவருக்கு வேண்டியிருந்தது. ஆகவே தெளிவு என்னும் சொல்லை அவர் கைக்கொள்ளாமை வியப்பன்று.

விசுவாசம் வடசொல். மூச்சுவிடுதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்து, அச்சமின்றி மூச்சுவிடும் நிலையை உணர்த்தி, பின்னர் ஐயமற்ற பற்றைக் குறித்தது. தமிழ் வழக்கில் இதற்கு மற்றொரு சாயலும் ஏறிற்று. நாய்க்கு விசுவாசம் உண்டு என்கிறோம். எசமான விசுவாசம், இராச விசுவாசம் என்கிறோம். உண்ட சோற்றுக்கு உண்மையாயிருத்தல், மேலோனுக்குக் கீழோன் கட்டுப்பட்டிருத்தல் என்பன இச்சாயலின் கூறுகள். நம்பிக்கையிலோ இவ்வேற்றத்தாழ்வு இல்லை. நண்பனை நண்பன் நம்புவான், தந்தை மகனை நம்புவான். பிரசங்க மேடையில் விசுவாசம் என்னும் சொல் ஒலித்தபோதெல்லாம் கேட்போர் செவியில் இறைவனைச் சார்தலோடு ஆண்டானுக்கு அடங்குதலும் சேர்ந்தே ஒலித்திருத்தல் கூடும். சொல்லைத் தேர்ந்தோர் இதனை எண்ணித் தேர்ந்தனர் என்று யாம் கூறவில்லை. மொழி தன் பழக்கத்தை எவரும் கேளாமலே கொண்டுவந்து சேர்க்கும்.

இதனினும் குறிப்பிடத்தக்க இலக்கணச் செய்தி ஒன்றுண்டு. விசுவாசி என்பது முன்னிலை ஏவல் வினையாகவும் வரும், பெயராகவும் வரும். பிரசங்கியார் 'விசுவாசி' என்று ஏவுகிறார். அங்ஙனம் செய்தவனுக்கும் 'விசுவாசி' என்பதே பெயர். நம்பு என்னும் ஏவலிலிருந்து இத்தகைய பெயர் தோன்றவில்லை. நம்பி என்பது வேறு வழியிற் சென்று ஆடவருட் சிறந்தோனைக் குறிப்பதாயிற்று. செயலுக்கும் செய்தோனுக்கும் ஒரே வடிவம் அமைந்ததனால், விசுவாசித்தல் என்னும் வினை விசுவாசியாக எண்ணப்படுதல் என்னும் நிலைக்குள் எளிதிற் கரைந்தது. ஒரு சபையில் எத்தனை விசுவாசிகள் என்று இன்றும் கேட்கின்றனர். அவ்வினாவுக்கு விடை தலைக்கணக்கேயன்றி உள்ளத்தின் அளவன்று.

பதினாறாம் நூற்றாண்டிலே முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கத்திலும், 1586-இல் வெளியிட்ட அடியார் வரலாற்றிலும் போர்த்துகீசியச் சொற்கள் பலவற்றை அவ்வாறே தமிழெழுத்தில் அமைத்தார். தூய ஆவியை 'இசுப்பிரீத்து சாந்து' என்றே மக்கள் சொல்லிப் பழகினர். 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் என்னும் இராபர்ட்டு தெ நொபிலி அவ்வழியைக் கைவிட்டு வடசொற்களைப் பெருகக் கொண்டார். சருவேசுரன், மோட்சம், ஞானோபதேசம் முதலியவற்றோடு விசுவாசமும் இவ்வாறு நிலைபெற்ற சொல்லே. உயர்ந்தோர் அவையில் மதிப்புப் பெறுதல் அவர் நோக்கமாதலின், அவ்வவையின் மொழியையே அவர் தேர்ந்தார். அவர் காலத்தில் உயர்குலத்தாருக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் வேறுவேறு குருமார் அமைந்தமையையும் உடன்வைத்து எண்ணுதல் வேண்டும். விசுவாசம் ஒன்று; அதனைக் கற்பிப்போர் இரு வகையினர்.

வீரமாமுனிவர் வேதியர் ஒழுக்கம் இயற்றியது உபதேசியாருக்காக. குரு ஒருவர் பல ஊர்களை ஆண்டுக்கு ஒருமுறையே காண இயன்ற அந்நாளில், ஊரில் நிலையாகத் தங்கிப் போதித்தவர் உபதேசியாரே. ஆகவே போதிப்பவனுடைய வாழ்க்கையே அவன் போதனைக்குச் சான்றாதல் வேண்டும் என்னும் கவலை அந்நூலை ஊடுருவி நிற்கிறது. செய்யுளில் தேம்பாவணி பாடிய புலவர் உரைநடையில் இத்துணை எளிமையுடன் எழுதியது, கேட்போர் யாவர் என்பதை அவர் மறவாமையைக் காட்டும். எம் கருத்தில், அக்காலத்து வாழும் தமிழை அறிய விரும்புவோர் தேம்பாவணியைவிட இந்நூலிடமே செல்லல் வேண்டும்.

தரங்கம்பாடியில் 1706 சூலை 9-ஆம் நாள் வந்திறங்கிய சீகன்பால்கு, கத்தோலிக்கர் எழுதிய தமிழ் நூல்களைத் தேடிப் படித்தே கிறித்தவச் சொற்களைக் கற்றார். 1708-இல் அவர் தொகுத்த தமிழ் நூற்பட்டியலிலும் அவ்வேடுகள் இடம்பெற்றுள்ளன. கொள்கையில் எதிரெதிர் நின்ற இரு சபையாருக்கும் சொற்கள் பொதுவாயமைந்த வரலாறு இது. ஆயின் சீகன்பால்கு ஆல்லேயின் பக்தி இயக்கத்தில் பயின்றவர், உலூத்தரின் வழியினர். உலூத்தரைப் பின்பற்றிய இறையியலார் விசுவாசத்தை அறிதல், இசைதல், சார்ந்து நம்புதல் என மூன்றாகப் பகுத்து, மூன்றாவதனையே உயிர் என்பர். ஓலையில் எழுதுவித்து அவர் நிகழ்த்திய பிரசங்கங்கள் இம்மூன்றாவதனை நோக்கியே கேட்போரை ஏவின. கைக்கொண்ட சொல்லோ, முன்னையோர் முதலிரண்டுக்கும் பழக்கிவைத்திருந்த விசுவாசம்.

கேட்டோர் யாவர்? 1707 மே மாதத்தில் முதன்முதல் திருமுழுக்குப் பெற்ற ஐவரும் டேனியர் வீடுகளில் அடிமைகளாயிருந்தோர். அவ்வாண்டு ஆகத்து 14-இல் எருசலேம் என்னும் சிறு கோயில் திறக்கப்பெற்றது. வீட்டில் உடைமையாகவும் கோயிலில் உடன்பிறந்தாராகவும் இருந்த அவ்வைவருக்கு விசுவாசம் என்னும் சொல்லின் இரு சாயல்களும் ஒரே நாளில் பொருந்தின. பின்னர்ச் சேர்ந்த வேளாளரும் பறையரும் அக்கோயிலில் வேறுவேறாகவே அமர்ந்தனர். 1718-இல் எழுந்த புதிய எருசலேம் கோயிலிலும் அம்முறை மாறவில்லை. ஒரே குரல், ஒரே பிரசங்கம், இரண்டு இருக்கைப்பகுதிகள். இதனை ஒருபுறம் வைத்துவிட்டுப் பிரசங்க ஏட்டை மட்டும் படிப்போமாயின் பாதியையே படித்தவராவோம்.

புறத்தே நின்று நோக்கிய தமிழரின் கருத்தும் நமக்குக் கிடைக்கிறது. தொண்டர்கள் விடுத்த வினாக்களுக்குத் தமிழர் எழுதிய மறுமொழிகள் செருமானிய மொழியிற் பெயர்க்கப்பட்டு ஆல்லேயில் வெளிவந்தன. போதனையின் சிறப்பை மறுக்காத பலரும், கிறித்தவர் எனப்படும் ஐரோப்பியரின் குடியையும் தூய்மையின்மையையும் சுட்டி, இவ்வொழுக்கத்தாரின் வேதத்தை எங்ஙனம் ஏற்பது என்று கேட்டனர். வள்ளுவர் வகுத்த தெரிந்து தெளிதல் என்னும் முறைதானே இது! பிரசங்கியார் விசுவாசத்தைக் கேட்டார். கேட்போர் தெளிவைக் கேட்டனர்.

இவ்வரலாற்றில் மிகவும் ஊன்றி நோக்கத்தக்கவர் இராசநாயக்கன். பறையர் குலத்தில் பிறந்தவர், கத்தோலிக்கர், தஞ்சை அரசரின் படையில் பணிபுரிந்தவர். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூல் அவர் கைக்கு எட்டியது. அதனைத் தாமே படித்து, தாமே தரங்கம்பாடித் தொண்டரைத் தேடிச் சென்று, படைத்தொழிலை விட்டு உபதேசியாரானார். ஐரோப்பியத் தொண்டர் தடையின்றி நுழைய இயலாத தஞ்சை நாட்டில் பல ஆண்டுகள் சபைகளை ஈட்டி வளர்த்தவர் அவரே. பிறர் வாய்மொழியால் அன்றி அச்சிட்ட எழுத்தைப் படித்து வழி மாறிய தமிழருள் முன்னோடியாகிய இவர், தமிழ் அச்சு வரலாற்றிலேனும் இடம் பெற்றிருத்தல் வேண்டும், பெறவில்லை.

1733-இல் தரங்கம்பாடிச் சபை முதல் தமிழ்க் குருவை நியமித்தது. கடலூரிற் பிறந்த வேளாளராகிய ஆரோன் அப்பட்டம் பெற்றார். 1741-இல் இரண்டாம் குருவாகத் தியோகு அமர்த்தப்பெற்றார். இராசநாயக்கனுக்கு அப்பட்டம் வரவேயில்லை. அவருடைய அறிவிலோ ஒழுக்கத்திலோ குறை கண்டு அவரை விலக்கினாரல்லர். அவர் கையால் வழங்கப்பெறும் அப்பத்தையும் கிண்ணத்தையும் வேளாளக் கிறித்தவர் ஏற்கமாட்டார் என்னும் அச்சமே தடையாயிற்று. அவர் வாயிலிருந்து சொல்லை ஏற்றல் இயலும். கையிலிருந்து அப்பத்தை ஏற்றல் இயலாது. செவிக்குத் தீட்டில்லை, வாய்க்குத் தீட்டுண்டு என்பது இதன் கருத்து.

இவ்வொரு நிகழ்ச்சி பிரசங்கம் என்னும் வகையின் தன்மையையே விளக்கி விடுகிறது. பிரசங்கம் தொலைவில் நின்று கேட்கத்தக்கது. அதனால் எல்லாரையும் எட்டியது. அக்காரணம் பற்றியே எவரையும் இணைக்காமலும் இருக்க இயன்றது. திருவிருந்தோ ஒரே கலத்தில் உண்பது. விசுவாசம் பிரசங்கத்தால் விளைந்தது என்றால், சபை திருவிருந்தால் அமைந்தது. முன்னதில் இராசநாயக்கனுக்கு முழு உரிமை இருந்தது; பின்னதைப் பெற்றுக்கொள்ளலாம், வழங்கலாகாது. அவர் 1771 வரை வாழ்ந்து உபதேசியாராகவே மறைந்தார்.

சபை என்னும் சொல்லின் பழைய வழக்கை ஈண்டு நினைவுகூர்தல் வேண்டும். முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், சபை என்பது பிரமதேயத்து அந்தணரின் பேரவை. நிலமும் மனையும் மறைப்பயிற்சியும் உடையோரே அதன் வாரியங்களில் இடம் பெறுவர். வேளாளரின் கூட்டம் 'ஊர்' எனவும், வணிகரின் கூட்டம் 'நகரம்' எனவும் வேறாக வழங்கின. கிரேக்கத்தின் எக்ளேசியாவுக்குத் தமிழில் ஒரு சொல் வேண்டியபோது, 'ஊர்' தவிர்க்கப்பட்டு, தகுதி கேட்கும் 'சபை' அமைந்தது. சொல்லைக் குற்றம் கூறிப் பயனில்லை எனினும், அச்சொல் வெறுங்கையோடு வரவில்லை.

தஞ்சை வேதநாயக சாத்திரியார் (1774–1864) காலத்தில் சொல்லும் இருக்கையும் ஒரே வழக்காயின. சுவார்த்தர் என்னும் பெருந்தொண்டரிடம் வளர்ந்து, இரண்டாம் சரபோசியின் நட்பைப் பெற்று, பெத்லகேம் குறவஞ்சி பாடியவர் இவர். மேடைப் பிரசங்கத்தினும் இவருடைய இசைப்பிரசங்கமே தஞ்சைக் கிறித்தவரைக் கவர்ந்தது. 1829-ஐ ஒட்டி, புதிதாய் வந்த இளந்தொண்டர்கள்மீது இவரும் இவரைச் சார்ந்தோரும் நான்கு குறைகளைச் சாட்டினர். பபிரிசியாரின் திருப்புதலை மாற்றியது ஒன்று. வேறுவேறு சாதியாரைக் கலந்து அமரச்செய்தது ஒன்று. திருமணத்திலும் இறுதிச் சடங்கிலும் மலர்களை விலக்கியது ஒன்று. தமிழ்ப் பாடல்களை வழிபாட்டிலிருந்து நீக்கியது ஒன்று.

இந்நான்கையும் இக்காலத்தார் இரண்டாகப் பிரித்துப் படிப்பர். தமிழ்ப் பாடலையும் மலரையும் காத்தமைக்காகச் சாத்திரியாரைப் புகழ்வோர் இருக்கையைப் பற்றி வாளாவிருப்பர். இருக்கைக்காக இகழ்வோர் பாடலை மறப்பர். அவருக்கோ நான்கும் ஒன்றே. வேதநூலின் சொல் மாறினால் தம் வேதம் மாறிற்று. இருக்கை மாறினால் தம் சபை மாறிற்று. உடை, உணவு போன்று சாதியும் உலகியல் வழக்கே, விசுவாசத்துக்கு ஊறு செய்யாது என்பது அவர் பக்கத்தாரின் வாதம். அவ்வழக்கு யாருக்கு ஊறு செய்தது என்னும் வினா அவ்வாதத்துள் எழவேயில்லை. தமிழ் வழிபாட்டுக்கு அவர் செய்த தொண்டு பெரிது. இருக்கை பற்றிய அவர் நிலையை அத்தொண்டு நேர்செய்யாது என்பதே எம் துணிபு.

1833-இல் கல்கத்தா ஆயர் தானியேல் உவில்சன், சாதி வேற்றுமை முற்றாக, உடனே, இறுதியாகக் கைவிடப்படல் வேண்டும் என்று தென்னாட்டுச் சபைகளுக்கு ஆணை விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் அவ்வாணை படிக்கப்பட்ட பின்னர்ப் பலர் கோயிலை விட்டகன்றனர். அகன்றோரிற் பலர் பின்னாளில் இலீப்சிக்குச் சபைத் தொண்டரிடம் சேர்ந்தனர். அத்தொண்டர்கள் சாதியை உலகியல் வழக்காகப் பொறுத்தவர்கள். பபிரிசியாரின் திருப்புதலையும் விடாது போற்றியவர்கள். பழைய சொல்லும் பழைய இருக்கையும் ஒருங்கே புகலிடம் பெற்றன. மற்றொரு புறம், ஒரு மடலால் இருக்கையை மாற்ற எண்ணிய ஆயரின் முறையையும் யாம் முற்ற உடன்படவில்லை. அவ்வாணை எவரை உயர்த்தக் கருதிற்றோ அவரிடமிருந்து பிறந்த குரல் அன்று, மேலிருந்து வந்தது. எனினும் அது கேட்ட கேள்வி நேரியது.

கத்தோலிக்கரிடையே இவ்வழக்கு கல்லிலேயே எழுதப்பட்டது. நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோயில் காற்சட்டையின் இரு கால்கள் போல இரண்டு நீண்ட மண்டபங்களை உடையது. இரண்டும் ஒரே பீடத்தில் வந்து கூடும். வேளாளர் ஒன்றிலும் நாடார் மற்றொன்றிலும் அமர்ந்து, குருவைக் காண்பர். ஒருவரை ஒருவர் காணார். 1910-இல் தடுப்புச்சுவர் நீக்கப்பெற்றது. அதனை எதிர்த்துச் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்ற வழக்கிலும் பிரிவினை உரிமை நிலைநாட்டப்படவில்லை. ஒரே பிரசங்கத்தை இரு சாராரும் முப்பத்தெட்டு ஆண்டுகள் இவ்வாறு கேட்டனர் என்பதைச் சிற்பநூலார் மட்டுமன்றி உரைநடை ஆய்வாளரும் கருதுதல் தகும்.

பிரசங்கத்தின் வடிவம் கிறித்தவர் எல்லையைக் கடந்தமையையும் சுருங்கக் கூறுவோம். பேர்சிவல் பாதிரியாரின் வேதநூல் திருப்புதலுக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1847 திசம்பர் 31-ஆம் நாள் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். எடுத்துக்கொண்ட பொருளை முறையாக விரித்துக் கிழமைதோறும் மக்களுக்கு உரைக்கும் வழக்கு அவர் மாற்றாரிடம் கண்டு தமதாக்கிக்கொண்டது. பிற்காலத் தமிழ் மேடைப்பேச்சின் வேர்களில் ஒன்று இது. பிரசங்கத்தைச் சமயத்துறைக்கு ஒதுக்கிவிடலாகாது என்று முன்னர்க் கூறியதன் காரணமும் இதுவே.

1871-இல் நிறைவெய்திய பவர் திருப்புதல் சீர்திருத்தச் சபைகளில் இன்றும் பெருவழக்கு. அதில் பவுல் கூறும் மூன்று பண்புகள் விசுவாசம், நம்பிக்கை, அன்பு எனப்படும். நம்பிக்கை என்பது அங்கே வருங்காலத்தை நோக்கிய எதிர்பார்ப்பு. கத்தோலிக்கர் சிறப்பாக வழங்கும் 1995-ஆம் ஆண்டின் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு அம்மூன்றனையும் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்றது. அங்ஙனம், ஒரே தெருவில் வாழும் இரு கிறித்தவர் நம்பிக்கை என்னும் சொல்லைக் கேட்டு இருவேறு பொருள் கொள்கின்றனர். சபைகள் கூடி வழிபடும் சனவரித் திங்களின் ஒற்றுமை வாரத்தில் மேடையேறுவோர் இவ்விடர்ப்பாட்டை உணர்வர்.

புதிய மொழிபெயர்ப்பின் தேர்வு மொழியியல் நோக்கில் நன்று. விசுவாசத்தில் படிந்த ஆண்டான் அடிமைச் சாயலை நம்பிக்கை களைகிறது; உலூத்தரியர் உயிரெனக் கருதிய சார்ந்து நம்புதலை அதுவே நேரிதின் உணர்த்துகிறது. எனினும் நம்பிக்கை மிக எளிதாக வழங்கும் சொல். மழை வரும் என்னும் நம்பிக்கையும் அதுவே. விசுவாசத்தின் இறுக்கம் அதில் இல்லை. தொடக்கச் சபையினரின் கூட்டுவாழ்வைக் கூறுமிடத்துப் பவர் திருப்புதல் 'அந்நியோந்நியம்' என்றது. புதியது 'நட்புறவு' என்கிறது. முன்னைய சொல் பலருக்கு விளங்காது. விளங்கியோருக்கு ஒருவர்க்கொருவர் என்னும் அதன் பொருள் தப்பாது. இரண்டில் அந்நியோந்நியமே சிறந்ததென யாம் கருதுகிறோம், மாணாக்கர் உடன்படார்.

இம்மாற்றங்களுக்கெல்லாம் அப்பால், சபையைச் சேர்தலைக் குறிக்க மக்கள் தாமே வழங்கும் சொற்கள் வேறு. கத்தோலிக்கர் தம் ஊர்ச்சபையைப் 'பங்கு' என்பர். அதன் குரு பங்குத்தந்தை, அதனைச் சார்ந்தோர் பங்குமக்கள். பாகம், உரிமை என்னும் பொருள்களை உடைய தனித்தமிழ்ச் சொல் அது. 1947 செப்டம்பர் 27-இல் அமைந்த தென்னிந்தியத் திருச்சபையின் நெல்லைப் பகுதியிலோ, பல சிற்றூர்ச் சபைகள் கூடிய தொகுதி 'சேகரம்' எனப்படும். ஒன்றாகத் திரட்டியது என்பது அதன் பொருள். பெந்தெகொசுத்துச் சபைகளில் பங்கும் இல்லை, சேகரமும் இல்லை. 'எங்கள் சபை விசுவாசி' என்பதே வழக்கு. கூட்டத்தில் இடம் பெறுதலை முதலிரு சாராரும் பங்காலும் திரட்டாலும் சுட்ட, மூன்றாமவர் சீகன்பால்கு கைக்கொண்ட பழஞ்சொல்லாலேயே சுட்டுகின்றனர்.